எத்தனை பிளக் பாயிண்ட்

இர்மேலி காந்தோலா எனக்கு
ஒரு கடன்காரியாகத்தான் அறிமுகம்.
எண்பத்தொன்பதில், ஊலூவில்,
என் அண்ணன் கடையிலிருந்து
ஆறு பழைய டி.வி. பெட்டிகளை எடுத்துப் போனாள்.
ஒரு வாரம் என்றாள்.
திருப்பிக் கேட்கப் போன என் கையில்
ஏணியைக் கொடுத்தாள்.
இன்னும் இறங்கவில்லை.

ஆறு பெட்டியிலும் ஒரே ஆறு.
பனி உடைந்துகொண்டே இருந்தது,
ஒவ்வொன்றிலும் அரை நொடி பிந்தி.
பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்;
அவர்தான் கடைசிவரை நின்றார்.

நிருபர் கேட்டார்: ஓவியரா நீங்கள்?
இல்லை.
சினிமா எடுப்பவரா?
இல்லை.
இசை?
அதுவும் கொஞ்சம் இல்லை.
பிறகு அவர் பேனாவை மூடினார்.
மூடிய பேனாவின் அந்தச் சின்னச் சத்தத்தை
இன்னொரு முறை செய்யச் சொல்லி
அவள் பதிவு செய்துகொண்டாள்.

பெர்லினில் ஆறு மாதம்,
ரெய்க்யாவிக்கில் ஒரு குளிர்காலம்,
கையெழுத்துப் போட்ட கேடயம் ஒன்று
(கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுக்கிறது).
நாற்பத்துமூன்று வயதில்
தன் வேலைக்குப் பக்கத்தில்
இனாரியிலிருந்து வந்த ஆய்லேயின் வேலையை வைத்தாள்:
கலைமான் தோலில் ரேடியோ ஒயர் தையல்.
ராத்திரி முழுக்க இரண்டையும் பார்த்திருந்துவிட்டு
காலையில் தன்னுடையதைக் கழற்றச் சொன்னாள்.
"அது பேசும்போது இது குறுக்கே பேசுகிறது."
அவ்வளவுதான் விளக்கம்.

அதன் பிறகு அட்டையில் அச்சடித்தாள்:
சுயாதீனக் காட்சித் தொகுப்பாளர்.
சுயாதீனம் என்றால் சம்பளம் இல்லை.
தொகுப்பாளர் என்றால் வேன் ஓட்டுபவர்.
தொர்னியோ சுங்கச்சாவடியில்
பதினேழு கண்ணாடி ஜாடிகளைத் திறக்கச் சொன்னார்கள்.
"உள்ளே என்ன?"
"ஒரு ஊரின் மூச்சு. திறந்தால் போய்விடும்."
"மதிப்பு?"
"ஜாடி மூன்று யூரோ."
அதிகாரி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்,
மெதுவாக, தூங்கும் குழந்தையை வைப்பதுபோல்,
திரும்ப வைத்தார்.

மூடிக்கிடந்த நீச்சல்குளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.
தண்ணீரில்லாத நீலக் குழியில்
பதினொரு பேரின் வேலைகள்.
திறப்பு விழா அன்று, ஆறு மணிக்கு,
நான் காபி மெஷினைச் செருகினேன்.
கட்டடமே அணைந்தது.
தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது.

ஸ்பீக்கர் சோதிக்க நான் போட்டுவிட்டு மறந்த
பழைய கேசட் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தப் பனி.
ஆழமான முனையில் யாரோ உட்கார்ந்தார்கள்.
பிறகு எல்லோரும்.
நகராட்சிக் கலாச்சார அலுவலர்
ஏனோ ஷூவைக் கழற்றினார்.
ஃபியூஸைத் தேடி ஓடப் போன என்
சட்டைக் கையை இருட்டில் ஒரு கை பிடித்தது.
இழுக்கவில்லை. விடவுமில்லை.
இருபது நிமிடம்.

மறுநாள் பேப்பரில் பதினொரு பெயரும் சரியாக இருந்தன.
அவள் பெயர் இர்மா என்று வந்திருந்தது.
பதினொரு பேரில் ஒருவன் கோபித்துக்கொண்டு
இன்றுவரை பேசுவதில்லை:
அவன் பொருள் இருட்டில் தெரியவில்லையாம்.
நியாயம்தான்.

போன வசந்தத்தில் ஓய்வூதியப் படிவம்.
தொழில் என்ற கட்டம் ஒன்றே ஒன்று,
என் சுண்டுவிரல் நீளம்.
முதலாளி யார், எத்தனை வருடம்,
வருடத்துக்கு எத்தனை மாதம்.
ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்
பொறுமையாகத்தான் கேட்டாள்,
கடைசியில் தானே "இதர" என்று எழுதினாள்.
இர்மேலி எட்டிப் பார்த்தாள்.
"சரியாகப் போட்டிருக்கிறாய்" என்றாள்.

இன்று விடியுமுன் போன்.
வணக்கம் கிடையாது, அவளுக்கு அது வராது.
கெமியில் ஒரு கப்பல், உடைக்கப் போகிறார்கள்,
மூன்று வாரம் அவகாசம்,
உள்ளே நின்று தும்மினாளாம்,
தும்மல் திரும்பி வர நேரம் பிடித்ததாம்.
நான் கேட்டேன்: எத்தனை பிளக் பாயிண்ட்?
"ஒன்று. அதுவும் கரையில்."

முட்டி அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.
ஏணியை வேனில் ஏற்றிவிட்டேன்.
அண்ணன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம்;
அவன் பெட்டிகள் ஆறும் அவள் கொட்டகையில்தான்.
ஒன்றில் மட்டும் இன்னும் படம் வரும்,
தட்டினால்.